அத்தியாயம் 7: உப்புக் காலமும் செமஸ்டர் காலமும்

மரக்காணத்து உப்பளங்களில் வருடம் தை மாதத்தில் பிறக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளிலிருந்து தண்ணீரை வடியவிட்டு, படிந்த சேற்றை வழித்தெடுத்து, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ உப்பு பூக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் உச்சம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, விடியலுக்கு முன்பே டார்ச் வெளிச்சத்தில் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். புரட்டாசியோடு வேலை ஓயும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மறுபடி தை வரும்வரை உப்பில் கூலி கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிறவருக்காகவே இந்த அத்தியாயம். திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, அதே ஊரில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி என்று நீங்கள் எங்கே சேர்ந்திருந்தாலும் சரி, உங்கள் சிக்கல் ஒன்றுதான். நேர நிர்வாகம் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, படிப்புக்கு இத்தனை மணி, விளையாட்டுக்கு இத்தனை, நண்பர்களுக்கு இத்தனை என்று கூறு போட்டுக் கொடுக்கும். பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி ஓடுகிற வீட்டுக்கு அது பொருந்தும். உப்பள வீட்டில் சித்திரை ஒரு மாதிரி, கார்த்திகை வேறு மாதிரி. அதனால் முதலில் வருடத்தைக் கூறு போடுங்கள். நாளைப் பிரிக்கும் வேலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஒரு முழுத்தாள் எடுங்கள். மேலே தை முதல் மார்கழி வரை எழுதி, அவற்றின் கீழே வீட்டு வேலையைக் குறியுங்கள். அதற்குக் கீழே கல்லூரியின் காலண்டரை எழுதுங்கள்: ஆடி, ஆவணி வாக்கில் தொடங்கி கார்த்திகை, மார்கழியில் தேர்வோடு முடியும் ஒரு செமஸ்டர்; தையில் தொடங்கி சித்திரை, வைகாசியில் முடியும் இன்னொரு செமஸ்டர். இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே நெருக்கடி என்பது தானாகத் தெரியும். வீட்டில் ஆள் அதிகம் தேவைப்படும் சித்திரை, வைகாசியில்தான் உங்களுக்கு இரட்டைப்படை செமஸ்டர் தேர்வு. வீட்டில் காசே புழங்காத கார்த்திகையில்தான் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வும் அதற்கான கட்டணமும். இந்த இரண்டு நெருக்கடிகளும் ஒவ்வொரு வருடமும் சொல்லிவைத்தாற்போல் வருகின்றன. வரப்போவது தெரிந்திருப்பதால் அவற்றுக்குத் தயாராகவும் முடியும்.

முதலில் சித்திரை நெருக்கடி. இதற்கான பேச்சை வீட்டில் தை மாதமே பேசிவிட வேண்டும். உப்பு பூத்த பிறகு, ஆள் கிடைக்காமல் அப்பா தவிக்கிற நாளில் போய் “எனக்குப் பரீட்சை” என்றால் சண்டைதான் வரும். தையில் எல்லோரும் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

“அம்மா, சித்திரை பத்துலேர்ந்து வைகாசி பாதி வரைக்கும் எனக்குப் பரீட்சை. அப்ப என்னை அளத்துக்குக் கூப்பிடாத. மாசி, பங்குனியில ஞாயித்துக்கிழம நான் வந்துடறேன். பரீட்சை முடிஞ்சா ஆனி மாசம் முழுக்க உன்கூடதான்.”

“பரீட்சைன்னா தெனமுமா எழுதுற?”

“இல்லம்மா, நடுவுல மூணு நாள், நாலு நாள் லீவு இருக்கும். அந்த லீவுலதான் படிக்கணும்.”

அம்மா கேட்கும் அந்தக் கேள்வியில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. தேர்வுகளுக்கு நடுவே வரும் இடைவெளி நாட்கள் வீட்டாருக்கு வெறும் விடுமுறையாகத் தெரியும். அவை படிப்பதற்கான நாட்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேர்வு அட்டவணை வந்ததும் எழுதும் நாட்களை ஒரு நிறத்திலும் இடைவெளி நாட்களை இன்னொரு நிறத்திலும் வட்டமிட்டு, அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிறம் புரியும். நீங்கள் கொடுத்த வாக்கை ஆனியில் காப்பாற்றுவதும் முக்கியம். ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த தையில் உங்கள் பேச்சு எடுபடாது.

கார்த்திகை நெருக்கடி இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அங்கே பணமும் மழையும் சேர்ந்து வருகின்றன. 2020இல் நிவர் புயல் நவம்பர் 25 இரவு மரக்காணத்துக்கு அருகே கரையைக் கடந்தது. 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்து, இந்தக் கடற்கரை முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. இரண்டுமே வந்தது வழக்கமாகச் செமஸ்டர் தேர்வு நடக்கும் காலத்தில். புயல் வருமா வராதா என்று காத்திருக்காமல், ஐப்பசி முதல் வாரத்துக்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ரெக்கார்டு நோட்டுகள் எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கி, அவற்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். கைப்பட எழுதிய குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து போனில் சேமியுங்கள்; மின்சாரமும் சிக்னலும் போனாலும் போனில் இருப்பது இருக்கும். மூன்றாவது, கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டிலோ ஹாஸ்டலிலோ இரண்டு மூன்று நாள் தங்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் 30 கிலோமீட்டருக்கு மேல். சாலையில் தண்ணீர் நின்று பஸ் ஓடாத அன்று கல்லூரி திறந்திருந்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரங்கள் வேறு அத்தியாயத்தில் உள்ளன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் ஆடியிலிருந்தே மாதம் 300 ரூபாயைத் தொடாமல் ஒதுக்கினால், ஐப்பசிக்குள் தேர்வுக் கட்டணத்துக்குப் பெரும்பகுதி சேர்ந்துவிடும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரப்படும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. உங்கள் வீட்டுப் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்கிற உதவி பாத்தியில் இறங்குவது மட்டுமே என்று யாரும் சொல்லவில்லை.

இனி வாரக் கணக்குக்கு வரலாம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். இரவுக்கு 7 மணி நேரத் தூக்கம் என்றால் 49 போகும். டே ஸ்காலருக்குப் போக வர, காத்திருப்பையும் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி என்று வைத்தால் ஆறு நாளுக்கு 15. வகுப்பும் லேபும் 36. குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பதற்கு 18. வீட்டு வேலைக்கு 12. மிச்சம் 38. அதில் 22 மணி நேரத்தை வகுப்புக்கு வெளியே படிப்பதற்கு ஒதுக்கினால், 16 மணி நேரம் கையில் நிற்கும். கலை நிகழ்ச்சி, விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்டம் எதுவாக இருந்தாலும் அதற்கு 5. நண்பர்களுக்கும் பொழுதுபோக்குக்கும் 11. தினம் இரண்டு மணி நேரம் போனில் ரீல்ஸ் பார்த்தால் அதற்கே வாரத்துக்கு 14 மணி நேரம் ஆகிறது. நண்பர்களுக்கு நேரமில்லை என்று சொல்லும் பல மாணவர்களின் நேரம் போவது இந்த வழியில்தான். உங்கள் எண்கள் என்னுடையவற்றிலிருந்து மாறும். ஹாஸ்டலில் இருப்பவருக்குப் பஸ் நேரமும் வீட்டு வேலையும் மிச்சமாகும். ஆனால் ஒரு வாரமாவது இந்தக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் உண்மையாக எழுதிப் பாருங்கள்.

தூக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உப்பள வீட்டில் எல்லோரும் மூன்று, மூன்றரைக்கே எழுந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் நீங்களும் எழுந்துவிடுவது வழக்கமாக இருக்கலாம், விடியற்காலைப் படிப்புக்கு அது நல்லதும்கூட. அப்படியானால் இரவு எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். மூன்றரைக்கு வீட்டோடு எழுந்து, பன்னிரண்டு வரை நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் விழித்திருப்பவர் பிற்பகல் லேபில் தூங்கி வழிவார். உங்கள் வயதினருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அந்த 22 மணி நேரத்தில் எப்படிப் படிப்பது? அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான். தேர்வுக்கு முந்தைய இரவு திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், நான்கு நாள் கழித்து வரும் அடுத்த தாளில் அதே அடிப்படை நினைவில் இல்லாமல் போவதும் இதனால்தான்.

உங்களுக்கு இந்த ஆய்வில் கூடுதல் லாபம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு உட்கார இடம் கிடைக்காது. ஒரு கையில் கம்பி, ஒரு தோளில் பை, புத்தகத்தைத் திறக்க வழியே இல்லை. நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதற்குப் புத்தகம் வேண்டாம். முந்தைய நாள் வகுப்பில் நடந்த மூன்று விஷயங்களை அனுமந்தையிலிருந்து காலாப்பட்டு வரும்வரை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். முட்டிய இடத்தை மட்டும் இறங்கியதும் புரட்டிப் பார்த்தால் போதும்.

கடல் நீரின் அடர்த்தி பாமே அளவில் 3 டிகிரி வாக்கில் இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் நிறுத்தி, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். கடல் நீரை நேராகக் கடைசிப் பாத்தியில் பாய்ச்சிவிட்டு மறுநாளே வார நினைக்கிறவர் யாரும் மரக்காணத்தில் இல்லை. ஆனால் ஒரு செமஸ்டர் பாடத்தைக் கடைசி வாரத்தில் அப்படிப் பாய்ச்சுகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். 22 மணி நேரத்தைச் செமஸ்டரின் எல்லா வாரத்திலும் பரப்புங்கள். முதல் இன்டர்னல் வருவதற்குள் குறைந்தது முதல் யூனிட்டாவது நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததாக இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறியவருக்கு முதல் செமஸ்டர் மிகக் கடினம். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாக வந்தவர் இங்கே 30 மதிப்பெண்ணில் நிற்கும்போது உடைந்துபோகிறார். அறிவு அப்படியே இருக்கிறது, மொழிதான் தடுக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சின்ன நோட்டுப் போட்டு, இடப்பக்கம் ஆங்கிலக் கலைச்சொல், வலப்பக்கம் உங்கள் தமிழில் விளக்கம் என்று எழுதுங்கள். முதல் செமஸ்டரில் இந்த ஒரு வேலைக்காக வேறு எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். அந்தச் செமஸ்டரில் எந்தச் சங்கத்திலும் பொறுப்பு ஏற்காதீர்கள்; போய் உட்கார்ந்து பாருங்கள், போதும்.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு செயல்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். கல்லூரி நடக்கும் வாரங்களில் பரப்பினால் வாரத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், நாம் ஒதுக்கிய ஐந்துக்குள் அடங்கும். தேசிய மாணவர் படைக்குப் பயிற்சி நேரம் கறாரானது. விடிகாலை அணிவகுப்புக்கு மரக்காணத்திலிருந்து பஸ் பிடித்து வர முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். மாணவிகளுக்கு ஒரு யோசனை: சங்கக் கூட்டங்கள் மாலை ஐந்துக்கு மேல் நடந்தால் வீட்டில் அனுமதி கிடைக்காது, கடைசியில் விலகிவிடுவீர்கள். மதிய உணவு இடைவேளையில் கூட்டம் வைக்கச் சொல்லிப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டால் வாய் திறக்காமல் இருக்கும் இன்னும் பல மாணவிகளுக்கும் வழி பிறக்கும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. கல்லூரியில் கருத்தரங்கு, புராஜெக்ட், சிம்போசியம் என்று வரும்போது எல்லோரும் இணையத்தில் தலைப்பைத் தேடுவார்கள். உங்கள் வாசலிலேயே தலைப்புகள் இருக்கின்றன. கழுவேலி ஏரி 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலம், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உயிரியல் மாணவருக்கு அதுவே ஆய்வுக்கூடம். தமிழகத்தில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். அந்த நாட்களில் பாத்தி வேலையும் சூடு பிடித்திருக்காது, செமஸ்டரும் அப்போதுதான் தொடங்கியிருக்கும். வேதியியலில் உப்பு நீர் படிகமாகும் முறை, சிவிலில் மரக்காணம் வரை வந்து முடியும் பக்கிங்காம் கால்வாய், பொருளாதாரத்தில் குத்தகையும் கூலியும். தமிழோ வரலாறோ படிப்பவருக்குச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இருக்கிறது. அது மரக்காணமே என்பது பல அறிஞர்களின் கருத்து. பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இப்படி ஒரு தலைப்பை எடுத்தால் படிப்பும் செயல்பாடும் ஒரே நேரத்தில் நடக்கும், தகவல் திரட்டும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம்.

நட்புக்கு நேரம் ஒதுக்குவது சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்லித் தந்திருப்பார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தப் பேப்பரில் எந்த யூனிட்டிலிருந்து கேள்வி வரும், மறுமதிப்பீட்டுக்கு எப்படிப் போடுவது என்பதெல்லாம் சீனியர்களிடமிருந்தும் வகுப்புத் தோழர்களிடமிருந்தும்தான் வரும். வீட்டில் கேட்க ஆள் இல்லை. மாலை நாலரைக்கு மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிற டே ஸ்காலர் இதையெல்லாம் இழக்கிறார். வாரத்தில் இரண்டு நாளாவது அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, டீக்கடையிலோ நூலகத்திலோ இருங்கள்.

வீட்டு நிலையை மறைக்க நிறைய பேர் படாதபாடு படுகிறார்கள். உப்பு நீரில் வெடித்த அம்மாவின் கால் பாதங்களை நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறார்கள். பிறந்தநாள் ட்ரீட்டுக்குக் கடன் வாங்குகிறார்கள். ட்ரீட் விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது: “மச்சான், இப்ப மழைக்காலம், வீட்ல வேலை இல்ல. பங்குனியில நான் வாங்கித் தரேன்.” இதைக் கேட்டு விலகுகிறவர் விலகட்டும். மிஞ்சி நிற்பவர்களை மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்கு அழைத்து வாருங்கள். உப்பு எப்படி வருகிறது என்று அவர்களில் பெரும்பாலானோர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் ஏதோ ஒரு கட்டத்தில் சறுக்கும். அப்போது எதை முதலில் விடுவது என்ற வரிசை கைவசம் இருக்க வேண்டும். முதலில் சங்கப் பொறுப்பை விடுங்கள், உறுப்பினராக மட்டும் இருங்கள். அடுத்து போன். அதற்கடுத்து ஞாயிற்றுக்கிழமை உப்பள வேலையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் பேசுங்கள். தூக்கத்தையும், உங்களுக்கு நோட்ஸ் தருகிற, உங்கள் முகம் வாடினால் கேட்கிற அந்த ஓரிரு நண்பர்களையும் விடாதீர்கள். மனம் தொடர்ந்து கனத்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

அட்டென்டன்ஸை மட்டும் சறுக்கவே விடக்கூடாது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். 90 வேலை நாட்கள் கொண்ட செமஸ்டரில் 22 நாள்தான் விடலாம். உடல்நலம் போன்ற காரணங்களுக்காக 65 வரை சலுகை கேட்கலாம், அதற்குச் சான்று வேண்டும். உங்கள் கல்லூரி வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்றால் விதியை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 22 நாட்களை உப்பு வாருவதற்குச் செலவழித்துவிட்டால் காய்ச்சலுக்கும் புயலுக்கும் ஒன்றும் மிஞ்சாது. பத்து நாள் தாண்டியதும் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். கூட்டத்துக்கு நடுவே வேண்டாம், துறை அறையில் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, “சார், எங்க வீட்ல உப்பள வேலை. இந்த செமஸ்டர்ல பத்து நாள் லீவு ஆயிடுச்சு. இனிமே வர்றேன். விட்ட லேப் எக்ஸ்பெரிமென்ட்டை எப்ப சார் செஞ்சு முடிக்கலாம்?” என்று கேளுங்கள். காரணம், கணக்கு, கேட்பது மூன்றும் அதில் இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த இடத்திலேயே ஒரு தேதி சொல்வார்கள். அந்தத் தேதியைச் சுவரில் ஒட்டிய தாளில் அன்றைக்கே குறித்துவிடுங்கள்.